ரேம் கூட்டினால் கேம் பறக்குமா?

கே: 8 ஜிபியை 16 ஆக்கினால் எஃப்.பி.எஸ். (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறுமா?

ப: என்ன கேம், என்ன கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு வரி எழுதக் கூடாதா? கேமை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதென்றால், இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. புது ஏரியாவுக்குள் நுழைந்ததும் அரை விநாடி சிக்குவது பெரும்பாலும் அதனால்தான். 16 போட்டால் அந்தச் சிக்கல் போகும், சராசரி எஃப்.பி.எஸ். பெரிதாக ஏறாது. 60 சதவீதத்தில் நிற்கிறதா? காசைச் சேர்த்து வைத்து கிராபிக்ஸ் கார்டு வாங்குங்கள்.

கே: 16 இருக்கிறது. 32?

ப: வெறும் கேமுக்கு என்றால் அவசரமில்லை. பின்னால் முப்பது குரோம் டேப், ஸ்ட்ரீமிங், மூட்டை மூட்டையாக மாட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் சேர்க்கைகள்) என்றால் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 மாதிரி சிலது பரிந்துரையிலேயே 32 கேட்கும்.

கே: ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, 16 ஜிபி ஒரே ஸ்டிக் (ஒரே ரேம் பட்டை). கேம் திணறுகிறது. இன்னொன்று போட்டால் சரியாகுமா? “16 என்றால் 16தான், ஒன்றானால் என்ன” என்கிறார் கடைக்காரர்.

ப: இந்த ஒற்றை ஸ்டிக் வியாபாரம் எப்போதுதான் ஒழியுமோ! உங்கள் சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. உங்கள் ரேமைத்தான் கடன் வாங்குகிறது. டிடிஆர்4 3200 (ரேமின் வகையும் வேகமும்) ஒரு ஸ்டிக் என்றால் விநாடிக்குச் சுமார் 25 ஜிபி போகும் வழி. இரண்டு சேனலில் (ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவிலுள்ள பாதைகளில்) இரண்டு ஸ்டிக் என்றால் 50. கேமைப் பொறுத்து 30 முதல் 50 சதவீதம் வரைகூட எஃப்.பி.எஸ். ஏறும். அளவு கூடியதால் அல்ல, வழி அகலமானதால். 8+8 ஆக வாங்கியிருந்தாலே இந்தக் கடிதம் வந்திருக்காது. தனி கார்டு இருப்பவர்களுக்கு லாபம் குறைவு, ஆனாலும் உண்டு.

இப்போது அதே வேகத்தில் இன்னொரு 16 வாங்குங்கள். வேகம் வேறானால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4. பலர் 1, 2இல் செருகிவிட்டு “வித்தியாசமே இல்லை” என்று எழுதுகிறார்கள். பெரும்பாலான போர்டுகளில் அவை இரண்டும் ஒரே சேனல், எங்கிருந்து வித்தியாசம் வரும்? போட்டதும் சிபியு-இசட்டில் (கம்ப்யூட்டர் விவரம் காட்டும் இலவச சாஃப்ட்வேர்) டூயல் என்றோ 2 x 64-bit என்றோ காட்டுகிறதா பாருங்கள்.

கே: 3200 என்று வாங்கினேன், டாஸ்க் மேனேஜர் 2400 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை. பெரும்பாலும் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் திரை) எக்ஸ்.எம்.பி.யை, அதாவது ரேமை அறிவித்த வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை, ஆன் செய்திருக்க மாட்டீர்கள். சில போர்டில் டி.ஓ.சி.பி. என்று இருக்கும். அதன் பிறகும் 3200 வராவிட்டால் கடைக்குப் போங்கள்.

கே: புது டிடிஆர்5 போட்டேன், திரை கறுப்பாகவே இருக்கிறது. மூன்று முறை ஆஃப் செய்து பார்த்துவிட்டேன்.

ப: அந்த மூன்று முறைதான் தப்பு. டிடிஆர்5 முதல் தடவை தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். பத்து நிமிடம் தொடாதீர்கள். அப்போதும் வராவிட்டால் பவர் கேபிளை (மறுபடியும் சொல்கிறேன்) பிடுங்கிவிட்டு, ஸ்டிக்கைக் கழற்றி, ‘க்ளிக்’ கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். பாதி கேஸ்களில் ஒரு முனை மேலே தூக்கிக்கொண்டிருக்கும்.

கே: ரேம் க்ளீனர் சாஃப்ட்வேர் எது நல்லது?

ப: எதுவுமில்லை. அது வெளியே தள்ளியதை கேம் மறுபடி டிஸ்க்கிலிருந்து வாசிக்கும், இன்னும் சிக்கும்.

கே: டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 போடலாமா?

ப: நுழையாது. நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில். அழுத்திப் பார்க்க வேண்டாம்.