வாசகர் கேள்வி – பதில்: மதியத்துக்குள் தீரும் பேட்டரி

கேள்வி: ஐயா, வணக்கம். கைப்பேசி வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. 5000 எம்ஏஎச் பேட்டரி. முன்பெல்லாம் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். இப்போது காலை ஆறு மணிக்கு நூறு சதவீதத்தோடு கிளம்பினால் பிற்பகல் இரண்டு மணிக்குள் முப்பதுக்கு வந்துவிடுகிறது. அந்த முப்பதில் படம் எடுக்கப் போனால் சட்டென்று அணைந்தும் போகிறது. எங்கள் தெருவில் கரண்டு இரவில் சில மணி நேரம்தான் வருகிறது. செயலிகளை மணிக்கொரு தரம் தள்ளி மூடச் சொல்கிறான் என் மகன்; மூடிப் பார்த்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, தாமுவே, ரங்கூன்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பேட்டரி சீக்கிரம் தீர்வது ஒரு நோய்; முப்பது சதவீதம் காட்டிக்கொண்டே அணைவது வேறொரு நோய். முதலாவதற்கு அமைப்புகளில் மருந்து தேடலாம். இரண்டாவது வந்துவிட்டால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதாகும்போது அதன் கொள்ளளவு குறைவதோடு, மின்சாரம் வெளியேறுவதை உள்ளேயே தடுக்கும் உள்தடையும் கூடுகிறது. கேமராவின் ஃபிளாஷ் எரியும்போதும் சிக்னல் குறைந்த இடத்தில் பேசும்போதும் கைப்பேசி ஒரே நொடியில் நிறைய மின்சாரத்தை இழுக்கிறது. முதிர்ந்த பேட்டரியால் அந்த இழுப்பைத் தாங்க முடியாமல் மின்னழுத்தம் சரிய, கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. இப்படி அணைவதைத் தடுப்பதற்காகத்தான் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தோம் என்று 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு முழுவதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்தது பலருக்கு நினைவிருக்கும்.

வயதைக் கணக்கிடுவதும் எளிதுதான். பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஏறி இறங்குவது ஒரு சுற்று. இன்று பாதியும் நாளை பாதியும் செலவானால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. ஐபோன் 14 வரையிலான கருவிகளின் பேட்டரி 500 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்றும், ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று என்றும் ஆப்பிள் சொல்கிறது. ஆண்ட்ராய்டு நிறுவனங்கள் பலவும் 800 அல்லது அதற்கு மேல் சொல்கின்றன. கரண்டு இல்லாத ஊரில் ஒருவர் இரவில் நூறு ஏற்றி மறுநாள் அடிமட்டம் வரை இறக்கினால் நாளுக்கு ஒரு சுற்று. இரண்டரை ஆண்டு என்றால் 900 சுற்றுக்குக் குறையாது. அதாவது உங்கள் பேட்டரி உழைக்க வேண்டிய அளவுக்கு உழைத்துவிட்டது. இனி எந்த அமைப்பை மாற்றினாலும் கிடைப்பது அரை மணியோ ஒரு மணியோதான், பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதே அளவு, அதே தடிமன் உள்ள பேட்டரியின் மேல் 6000, 7000 என்று அச்சிட்டு விற்பவரிடம் வாங்க வேண்டாம். நான் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த காலத்தில் அப்படிப்பட்ட ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். உறையில் இருந்த எண்ணில் பாதிகூட உள்ளே இல்லை. கொள்ளளவு பழையதற்குச் சமமாக, உற்பத்தித் தேதி அண்மையதாக, பேட்டரி வளைவோ உப்பலோ இல்லாததாக இருந்தால் போதும். கருவியைத் திறந்து மூடிய பிறகு முன்பிருந்த நீர்த்தடுப்பு அப்படியே இருக்கும் என்று நம்பித் திஞ்ஞான் நீர்த் திருவிழாவில் தண்ணீருக்குள் இறங்கிவிடாதீர்கள்.

இனிப் புதிய பேட்டரியைக் காப்பதைப் பற்றி. நம் ஊரில் அதன் முதல் பகை வெயில். சித்திரையில் ரங்கூனின் பகல் வெப்பம் 37, 38 பாகையைத் தொடுவது வழக்கம். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் என்று ஆப்பிள் சொல்வதோ 35 பாகை வரைதான். 40 சதவீத சார்ஜோடு 25 பாகையில் ஓராண்டு சும்மா கிடக்கும் பேட்டரி கொள்ளளவில் சுமார் 4 சதவீதத்தை இழக்கும் என்றால், முழு சார்ஜோடு 40 பாகையில் கிடப்பது சுமார் 35 சதவீதத்தை இழக்கும் என்பது பேட்டரித் துறையில் பரவலாகக் காட்டப்படும் கணக்கு. வெப்பமும் நிறைந்த சார்ஜும் ஒன்று சேர்வதுதான் கேடு. ஆகவே சார்ஜ் ஏறும்போது ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு வெறும் தரையிலோ டைல் கல்லின் மேலோ வையுங்கள். கொசுவலைக்குள் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவதும், ஏறும்போதே வீடியோ பார்ப்பதும் கூடாது. கைலியின் பின்புறம் செருகிக்கொண்டு வெயிலில் நடக்கும் ஆண்களுக்கும் இதையே சொல்வேன். அதற்காகச் சூடான கைப்பேசியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

"80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே" என்ற அறிவுரை சரியானதுதான், ஆனால் அது நாள் முழுக்க மின்சாரம் உள்ள ஊர்க்காரர்களுக்குச் சொன்னது. இரவில் சில மணி நேரமே கரண்டு பார்ப்பவர் நூறு வரை ஏற்றிக்கொள்வதில் குற்றமில்லை. பேட்டரி ஓராண்டு முன்னதாகவே தேய்ந்தாலும் பரவாயில்லை. நடு இரவில் மருத்துவருக்குப் பேச முடியாமல் போவதுதான் பெரிய இழப்பு. கரண்டு சீராக வரும் நாட்களில் மட்டும் எண்பதில் நிறுத்தும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் அதை இயக்குங்கள். கரண்டு போனதும் சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, திரும்ப வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். தெரு முழுக்க எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது மின்னழுத்தம் துள்ளுவது சார்ஜருக்கு ஆகாது.

மகன் சொல்வதை மட்டும் நிறுத்திவிடலாம். ஆண்ட்ராய்டில் 2015 முதலே, திரை அணைந்து கருவி அசையாமல் கிடந்தால் செயலிகளைத் தூங்க வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அடிக்கடி பயன்படுத்தும் செயலியைத் தள்ளி மூடினால் அடுத்த முறை அது முதலிலிருந்து எழ வேண்டும். தூங்குகிறவரை எழுப்பி மீண்டும் தூங்கச் சொல்வது போன்றதுதான் அது.

கேள்வி: புதிய கைப்பேசி வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. இரவு 90 சதவீதத்தில் வைத்துவிட்டுத் தூங்கினால் விடியும்போது 50 காட்டுகிறது. இரண்டு சிம் போட்டிருக்கிறேன். மலேசியாவில் இருக்கும் அண்ணன் இரவில் எப்போது வேண்டுமானாலும் அழைப்பார் என்பதால் அணைத்து வைக்க முடியாது. கடைக்காரர் போனில் குறை இல்லை என்கிறார்.
– தட்டோன் அருகிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஒரே ஓர் இரவு, அண்ணனிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, விமானப் பயன்முறையில் போட்டுத் தூங்குங்கள். தூங்கும் முன்னும் எழுந்ததும் சதவீதத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். இரண்டு, மூன்று சதவீதம்தான் குறைந்திருந்தால் உங்கள் பேட்டரியைத் தின்பது சிக்னல். அப்போதும் இருபது, முப்பது குறைந்திருந்தால் ஏதோ ஒரு செயலி தூங்காமல் இருக்கிறது, அல்லது பேட்டரியிலேயே பிழை உள்ளது. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோங்கள்.

முதலாவதாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். கைப்பேசி ஒரு சிறு வானொலி நிலையம். கோபுரம் தொலைவில் இருந்தால் அது உரத்துக் கத்த வேண்டும், கோபுரமே கிடைக்காவிட்டால் இடைவிடாமல் தேட வேண்டும். நம் ஊர்களில் கரண்டு போனால் வீட்டு விளக்கோடு கோபுரமும் பாதிக்கப்படுகிறது. அங்குள்ள பேட்டரியோ ஜெனரேட்டரோ ஓயும்போது உங்கள் கைப்பேசி அதற்கும் அப்பாலுள்ள கோபுரத்தைத் தேடி அலைகிறது. இரண்டு சிம் என்றால் இரண்டு தேடல். உங்கள் கிராமத்தில் சரியாக எடுக்காத சிம்மைக் கழற்ற வேண்டியதில்லை. அமைப்புகளில் போய் அதை மட்டும் இரவில் அணைத்து வையுங்கள். 5ஜி தேடும் அமைப்பு இருந்தால் அதையும் 4ஜி-யோடு நிறுத்துங்கள். கைப்பேசியை உள்ளறை அலமாரியில் வைக்காமல் சன்னலோரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

அண்ணன் சாதாரண அழைப்பில் பேசுகிறவர் என்றால் இரவில் டேட்டாவையும் அணைத்துவிடலாம். இணையம் வழி பேசும் வைபர் செயலியில் பேசுகிறவர் என்றால் டேட்டா வேண்டும். அப்போது வைபர் குழுக்களில் வரும் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை மட்டும் நிறுத்துங்கள். கோயில் குழு, சொந்தக்காரர் குழு, பள்ளிக் குழு என்று விடிய விடிய வரும் காலை வணக்கப் படங்களுக்கு உங்கள் பேட்டரி ஏன் உழைக்க வேண்டும்?

கேள்வி: கைப்பேசியின் பின்மூடி ஒரு பக்கம் நகக்கண் அளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஊசியால் குத்திக் காற்றை விட்டால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், பெகு

பதில்: கூடவே கூடாது. உள்ளே உள்ள மின்பகு திரவம் சிதைந்து வாயுவாகி, பேட்டரி பூரி போல் உப்பியிருக்கிறது. ஊசி உள்ளே இறங்கினால் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் தொட்டுக்கொண்டு அந்த இடத்திலேயே தீப்பிடிக்கலாம். இன்றே அணைத்துவிடுங்கள், சார்ஜ் ஏற்ற வேண்டாம், மூடியை அழுத்தி ஒட்டவும் வேண்டாம். துணி, காகிதம் இல்லாத இடத்தில் ஒரு மண்சட்டியில் வைத்திருந்து, கடை திறந்ததும் கொண்டுபோய் மாற்றுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: 20000 எம்ஏஎச் என்று எழுதிய பவர் பேங்க் வாங்கினேன். என் போன் 5000. நான்கு முறை ஏற வேண்டும் அல்லவா? இரண்டரை முறையோடு ஓய்ந்துவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– மோல்மேன் வாசகி

பதில்: இல்லை அம்மா, உங்களுக்குக் கிடைத்தது நல்ல பொருள்தான். 20000 என்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு. அதை வாட் மணியில், அதாவது உள்ளே சேர்ந்திருக்கும் மொத்த ஆற்றலின் அளவில் சொன்னால் 74. வெளியே வரும்போது அதை 5 வோல்ட்டாக உயர்த்த வேண்டும், அந்த மாற்றத்தில் ஒரு பங்கு சூடாகப் போய் 60 சொச்சம் மிஞ்சும். உங்கள் போனின் பேட்டரி சுமார் 19 வாட் மணி; அதை நிரப்பும்போது போனும் கொஞ்சம் சூடாவதால் 22 அளவுக்கு வேண்டியிருக்கும். 60-ஐ 22-ஆல் வகுத்துப் பாருங்கள். பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் 5 வோல்ட் கணக்கில் 12000 போன்ற ஓர் எண் இருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரு முறை ஏற்றியதுமே ஓய்ந்திருந்தால் நானே உங்களுக்காகக் கோபப்பட்டிருப்பேன்.

கேள்வி: திரையைக் கறுப்பாக மாற்றினால் பேட்டரி மிச்சமாகுமா?
– ஒரு மாணவர், ரங்கூன்

பதில்: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையாக இருந்தால் மிச்சமாகும், பின்னாலிருந்து விளக்கு எப்போதும் எரியும் எல்சிடி-யில் பயனில்லை. ஓஎல்இடி-யிலும், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 2021-இல் அளந்து பார்த்தபோது, வீட்டுக்குள் பயன்படுத்தும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் சராசரியாக 3 முதல் 9 சதவீதமே மிச்சமானது. வெளிச்சத்தை முழுதாக ஏற்றியபோதுதான் அது 39 முதல் 47 வரை போனது. கறுப்பாக்குவதைவிட முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள், தம்பி.

கேள்வி: ஜப்பானுக்கு வேலைக்குப் போன மகன் தன் பழைய கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் திரும்பும்வரை பீரோவில் வைத்திருக்க விரும்புகிறேன். சார்ஜ் நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா?
– ஒரு தாய், தாமுவே

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. பாதி அளவுக்கு ஏற்றி, முழுவதுமாக அணைத்து, உறையைக் கழற்றி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மீண்டும் பாதிக்குக் கொண்டுவாருங்கள். அப்போதே பின்பக்கத்தை விரலால் தடவி உப்பல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பீரோ மேற்குச் சுவரை ஒட்டி நின்றால் மாலை வெயிலின் சூடு உள்ளே இறங்கும். அதற்கு எதிர்ச்சுவரில் உள்ள அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது.