பட்டா தாத்தா பேரில் இருக்க, உயில் மட்டும் போதுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 71. தேயிலைத் தோட்டம் 2 ஏக்கர் 30 சென்ட். பட்டா இன்னும் தாத்தா பேரில்தான். அப்பாவும் பெரியப்பாவும் அந்தக் காலத்தில் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டார்கள். டவுனில் என் சம்பளத்தில் கட்டிய வீடு இருக்கிறது. மனைவி, கோவையில் மகன், கட்டிக்கொடுத்த இரண்டு மகள்கள், 93 வயதில் அம்மா. "உயில் எழுதினால் பிள்ளைகள் புரொபேட் வாங்கக் கோர்ட்டுக்கு அலைவார்கள், எல்லாவற்றையும் இப்போதே மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா.

புரொபேட் என்பது, இந்த உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் சரிபார்த்து முத்திரையிட்டுத் தருவது. இந்துக்களின் உயிலுக்கு அதைக் கட்டாயமாக்கிய விதி, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் சென்னை, மும்பை மாநகரங்களையும் பழைய வங்காளப் பகுதியையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. கோத்தகிரிச் சொத்துக்குக் கோத்தகிரியில் எழுதும் உயிலை அது தொட்டதே இல்லை. சென்னையில் ஃபிளாட் வைத்திருந்த யாரோ பட்ட பாடு, மலையேறி உங்கள் ஊர் வரை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டை முதலில் பார்ப்போம். உயில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், இரண்டு மகள்கள், அம்மா என ஐந்து பேருக்கும் சம பங்கு. அம்மாவைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருக்கு வரும் ஐந்தில் ஒரு பங்கு, அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் போகும். அதாவது உங்கள் வீட்டில் உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் பங்கு வந்துவிடும். நாளைக்கு வீட்டை விற்க உங்கள் மகன் அத்தனை பேரிடமும் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். நீங்கள் சம்பாதித்த வீடு என்பதால் ஓர் உயிலில் இதைத் தவிர்த்துவிடலாம். அம்மாவின் பராமரிப்புக்கு அதிலேயே வழி சொல்லிவிடுங்கள்.

தோட்டம் அப்படி இல்லை. உங்கள் பங்கு எதுவோ அதைத்தான் உயிலில் எழுத முடியும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதற்கே உங்களிடம் காகிதம் இல்லை. தாத்தா காலமானது 1956-க்கு முன்பா பின்பா என்று பாருங்கள். பின்பு என்றால் அத்தைமாருக்கும் அதில் உரிமை பேச இடமுண்டு. "அப்பவே சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்பது ஊர்ப் பேச்சு, சட்டம் அதைக் கேட்காது. பூர்வீகச் சொத்து என்று ஆகிவிட்டால் உங்கள் மகள்களுக்கும் மகனைப் போலவே பிறப்பிலேயே பங்குண்டு. 1956 சட்டத்தின் 2005 திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2020-இல் அப்படித்தான் விளக்கியது. 20-12-2004க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும். வாய்ப்பேச்சுப் பாகத்தை நீதிமன்றங்கள் லேசில் ஏற்பதில்லை. ஆக, முழுத் தோட்டத்தையும் மகன் பேருக்கு எழுத உங்களாலேயே முடியாது. எழுதினாலும் உங்கள் பங்குக்கு மேல் செல்லாது, மீதிக்கு வழக்கு வரும்.

பெரியப்பா பிள்ளைகளும் நீங்களும் உயிரோடு, பேச்சுவார்த்தையோடு இருக்கும்போதே உட்காருங்கள். நிலம் வேண்டாம் என்பவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதட்டும். மற்றவர்கள் பாகப்பிரிவினை செய்து, பதிந்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். குடும்பத்துக்குள் செய்யும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் வைத்தார்கள். பாகப்பிரிவினையில் இது ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி. பெரியப்பா பிள்ளைகள் இந்தச் சலுகையின் "குடும்பம்" என்ற வரையறைக்குள் வருகிறார்களா என்று சார்பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தீர்வை கூடும். தலைமுறை ஒன்று நகர்ந்தால் கையெழுத்து ஐந்து என்பது இருபத்தைந்து ஆகும். அதில் இரண்டு பேர் வெளிநாட்டில் இருப்பார்கள்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் இதை அப்படியே தங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜென்மிகள் என்ற பழைய நில உடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டு ஜென்ம நிலச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலம் வேறு கதை. தோடர், கோத்தர் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கும் 1956 சட்டம் பொருந்தாது.

செட்டில்மெண்ட் பற்றி என் கருத்து: இருக்கும் வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். உயிலை நூறு முறை மாற்றலாம். செட்டில்மெண்டைப் பதிந்து கொடுத்துவிட்டால் நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அப்போதுதான் உறுதியாகக் கைகொடுக்கும். கோட்டாட்சியரிடமே மனு கொடுத்து ரத்து கேட்கலாம். நல்ல பிள்ளைக்கு இது எதற்கு என்று தோன்றும். பிள்ளை நல்லவர்தான், கடன்காரர் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது?

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதியுங்கள். பதிந்த உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது, நீங்கள் இருக்கும்வரை வேறு யாருக்கும் நகலும் கிடைக்காது. அதனால் பதிந்த விவரத்தை மனைவியிடமாவது சொல்லிவையுங்கள். சாட்சிகள் இருவர் வேண்டும். சொத்து பெறுகிறவர்கள் வேண்டாம். இதில்தான் எங்கள் வீட்டிலேயே தவறு நடந்தது. என் சித்தப்பா தன் வயதொத்த சிநேகிதர்கள் இருவரைச் சாட்சி வைத்தார். மூவரும் நான்கு வருஷத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். வழக்கு வந்தபோது, சாட்சிகளின் கையெழுத்து அவர்களுடையதுதான் என்று சொல்ல ஆள் தேடி அலைந்தோம். பதிவு செய்த உயிலையும் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து நிரூபிக்க வேண்டும் என்பதுதான் விதி. நாற்பது வயதுக்காரர்களாக, உள்ளூரில் இருப்பவர்களாகப் பாருங்கள். உங்கள் வயதுக்கு, அன்றைய தேதியில் மருத்துவர் சான்றும் ஒன்று வாங்கி உயிலோடு வையுங்கள்.

வங்கிக் கணக்கு, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைப் பங்கு இவற்றில் நாமினி யார் என்று ஒருமுறை பாருங்கள். 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கைதான், உரிமையாளர் அல்ல. உயிலில் ஒரு பெயர், நாமினியில் வேறு பெயர் என்று விட்டுவைக்காதீர்கள்.

ஆக வரிசை இது: வீட்டுக்கு உயில் இந்த மாதமே. தோட்டத்துக்குப் பங்காளிகளோடு பேச்சு. தனிப்பட்டா கைக்கு வந்ததும் தோட்டப் பங்கையும் சேர்த்துப் புது உயில், பழையதை ரத்து செய்கிறேன் என்று அதில் ஒரு வரி. சர்வேயரை ஐப்பசி மழைக்கு முன்பே கூப்பிடுங்கள். செடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்த கையோடு என்றால் இன்னும் நல்லது, செடி இறங்கியிருக்கும்போதுதான் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரியும்.