வேகமான லேப் போட்டும் பையனை டீம்ல எடுக்கலையா?

அண்ணா, கார் ரேஸ் டீம் வச்ச தேர்வு ஓட்டத்துல ஒத்தை லேப்பில், அதாவது டிராக்கை ஒரு சுத்து சுத்தறதுல, உங்க பையன்தான் வேகம், ஆனா டீம் வேற பையனை எடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. வருத்தம் நியாயந்தானுங்க. ஆனா அவங்க ஒத்தை லேப்பை மட்டும் பார்க்கறதில்லை. தொடர்ந்து ஓட்டறப்ப நேரம் எவ்வளவு ஏறி இறங்குது, டயர் தேஞ்ச பிறகு கை எப்படிப் போகுதுன்னும் பார்ப்பாங்க.

வண்டியில இருக்கற சென்சார் பதிவு பண்ற டேட்டாவை டெலிமெட்ரின்னு சொல்வாங்க. அதுல பிரேக்கை எங்க மிதிச்சான், எவ்வளவு அழுத்தினான், வளைவுக்குள்ள எப்படி மெல்ல விட்டான், எல்லாம் கோடா விழுந்துடும். அதே வண்டியில ஓட்டின இன்னொரு பையனோட கோட்டை அதுமேல வச்சா, நேரம் எங்க போச்சுன்னு தெரியும். காலையில சொன்ன தப்பை மதியத்துக்குள்ள திருத்தறானாங்கறதுதான் என் கணக்குல பெரிய சோதனை. புதுசா வந்தவன் சீக்கிரம் கத்துக்கிட்டா, கொஞ்சம் மெதுவா இருந்தாலும் அவனைத்தான் எடுப்பாங்க.

அந்த டேட்டாவைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சதும், நேரத்தைப் பார்க்கறதுக்கு முன்னாலயே, எந்த வளைவுல முன்பக்கம் வழுக்குச்சு, எங்க பின்பக்கம் இழுத்துச்சுன்னு பையனை நோட்டுல எழுத வைங்க. எஞ்சினியர்கிட்ட தெளிவாப் பேசற பையனுக்கு மதிப்பே தனி.

வயசு 13தானுங்க, பதறாதீங்க. ஃபார்முலா 1 ரேஸ்ல ஓட்டறதுக்கான சூப்பர் லைசென்சுக்குப் பொதுவா 18 வயசு ஆகணும், மத்த ரேஸ்கள்ல சேர்த்த 40 புள்ளியும் வேணும். நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல அங்க போனப்ப வயசு 28.

செட்டிபாளையம் கரி டிராக்குக்குப் போனா, பழைய டயர்லயே நீளமா ஓட்ட விடுங்க. புது டயருக்குக் காசை இறைக்காதீங்க.