புகை அடித்தால் டெங்கு போகுமா? லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்ககத்தின் கேள்வி

கேள்வி: சென்னை வேளச்சேரியில் 24 வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. ஒரு குழந்தைக்கு டெங்கு உறுதியாகியிருக்கிறது. வாரம் ஒருமுறை புகை அடிக்க ஆண்டு ஒப்பந்தம் போடச் சொல்கிறது ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனம். பத்து நாளுக்கு ஒருமுறைதான் லாரி வருவதால், வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்யவும் முடியவில்லை. புகை போதுமா?
(குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

பதில்: போதாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி வீட்டுக்குள் தங்கும் கொசு. கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் கொடியில் தொங்கும் துணி மடிப்பிலும் உட்கார்ந்திருக்கும். புகை இயந்திரச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். வெளியே பறப்பவை மட்டும் சாகும். முட்டைக்கும் புழுவுக்கும் புகையால் ஒன்றும் ஆகாது.

உங்களிடம் வந்திருப்பவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். இன்னொன்றையும் சொல்லியிருக்க மாட்டார்: அந்த அடர்ந்த வெள்ளைப் புகையில் பெரும்பங்கு டீசல். மாலத்தியான் என்றால் 1 பங்கு மருந்துக்கு 19 பங்கு டீசல் என்பது கணக்கு. மருந்தைப் பாதியாகக் குறைத்தாலும் புகை அதே மாதிரிதான் தெரியும். மாடியில் நின்று பார்க்கும் உங்களுக்கு வித்தியாசம் பிடிபடாது. மருந்தின் பெயர் என்ன, கேனில் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்கிறதா, உரிமம் எங்கே என்று கேளுங்கள். பாதிப் பேர் அத்தோடு திரும்ப வரமாட்டார்கள். 'மூலிகைப் புகை', ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் பிளக் கருவி என்று விற்க வந்தால் கேள்வியே வேண்டாம், வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சாக்கடையைக் காட்டிப் பயமுறுத்தினாலும் மசிய வேண்டாம். அங்கே பெருகுவது இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் வளரும்.

இனி உங்கள் டிரம். முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை காலி செய்யச் சொல்கிறார்கள். குழாயில் தினமும் தண்ணீர் வரும் வீட்டை மனதில் வைத்து எழுதிய அறிவுரை அது. லாரிக்குக் காத்திருப்பவரிடமும் அதையே ஒப்பிப்பதில் பயனில்லை.

ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டையிடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். பத்து நாளில் டிரம்மில் தண்ணீர் இறங்க இறங்க, முட்டையும் மேலிருந்து கீழ்வரை சுவர் முழுக்கப் படியும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். லாரி வந்து டிரம் நிறைந்ததும் அத்தனையும் நனைந்து பொரிக்கத் தொடங்கும். ஆக, நீங்கள் தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை, சுவரைத் தேய்க்க வேண்டும். லாரி வரும் நாளில், தண்ணீர் அடியில் கிடக்கும்போது, நார்த் தேய்ப்பானும் பிளீச்சிங் பவுடரும் போட்டு உட்சுவரை அழுத்தித் தேயுங்கள். வெறும் கையால் வழித்துக் கழுவினால் முட்டை உதிராது. கழுவிய தண்ணீரை வெயில் படும் மண்ணில் ஊற்றுங்கள். நிரப்பியதும் துணி போட்டு விளிம்பைச் சுற்றி எலாஸ்டிக்கால் இறுக்குங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் அந்த ஈரத்திலேயே முட்டையிடும், விறைப்பாக இருக்கட்டும். நடுவில் புழு நெளிந்தால் துணியால் வடிகட்டி எடுத்துவிடலாம்.

சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், இறங்கித் தேய்க்க யாரையும் அனுப்பாதீர்கள், மூச்சுத் திணறி உயிர் போகும். அங்கே மூடிதான் முக்கியம். லாரிக் குழாய் நுழைய நகர்த்திய மூடியை அப்படியே விட்டுப் போவதுதான் வழக்கமான தவறு. காற்றுக் குழாய்க்கும் மேல்நிலைத் தொட்டியின் வழிந்தோடும் குழாய்க்கும் சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள வலை கட்டுங்கள். வெயிலில் நைலான் இற்றுவிடும், உலோக வலையே நல்லது. சம்ப்பை மூட வழியில்லை என்றால் மட்டும் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து. 1 சதவீத மணல் குருணை என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம், அதுவும் மாநகராட்சிப் பணியாளர் கையால். புழு கொசுவாகும் முன் எடுக்கும் கூட்டுப்புழு நிலையில் இரை எடுக்காது, அதனால் அபேட் அதைப் பெரிதாகப் பாதிக்காது.

ஃபிரிட்ஜின் பின்தட்டு, மணிபிளான்ட் பாட்டில், பூட்டிய வீட்டின் கழிப்பறை இவற்றையும் பாருங்கள்.

மாநகராட்சி வரும் என்று காத்திருக்க வேண்டாம். கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல், அப்புறம் பரிசோதனை, அப்புறம் அறிக்கை, அப்புறம் புகை இயந்திரம். அதற்குள் கடித்த கொசு வேறு யார் யாரையோ கடித்திருக்கும். புகை அடிப்பதைப் படம் எடுக்கலாம், தேய்த்த டிரம்மை யார் படம் எடுப்பார்கள்? ஆனால் ஒன்று: நோயாளி வீட்டுக்குள் பைரித்ரம் என்ற கொசுக்கொல்லி மருந்தைத் தெளிப்பது பயனுள்ள வேலை. மாநகராட்சியிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் தொடங்கி சுமார் 5 நாள் வரை நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருக்கும். அந்த நாட்களில் அவரைக் கடிக்கும் கொசு 8 முதல் 12 நாளில் மற்றவருக்குப் பரப்பத் தயாராகி, சாகும்வரை பரப்பும். எனவே உங்கள் அடுக்ககத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், அன்றே பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.