கிளிப்லெஸ் பெடலில் கால் சிக்கிக் கீழே விழுந்தேன், பழைய பெடலுக்கே திரும்பிவிடலாமா?

சில மாதங்கள் பெடலிலிருந்து ஒழுங்காகக் கழன்றுகொண்டிருந்த வலது கால் இந்த வாரம் சிக்னலில் வரவே இல்லை, அப்படியே சாய்ந்து விழுந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெடலை மாற்றுவது அப்புறம் இருக்கட்டும், முதலில் ஷூவைத் திருப்பி, பெடலோடு பூட்டிக்கொள்ளும் க்ளீட் என்ற சிறு உலோகத் துண்டை அடியில் பாருங்கள்.

இப்படி விழுந்தவர்களிடம் எல்லோரும் சொல்வது "பழகினால் சரியாகிவிடும்" என்பதுதான். புதிதாக மாட்டியவருக்கு அது சரியான பதில். நன்றாக வந்துகொண்டிருந்த கால் திடீரென்று மாட்டிக்கொள்கிறது என்றால் பழக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, பெரும்பாலும் க்ளீட் போல்ட்தான் காரணமாக இருக்கும். ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி என்ற பெடல் வகையில் ஒரு க்ளீட்டுக்கு இரண்டே போல்ட். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பும்போது க்ளீட்டும் கூடவே திரும்பி பெடல் ஸ்ப்ரிங்கைத் தள்ளித் திறக்க வேண்டும். ஒரு போல்ட் விழுந்துவிட்டால் மிச்சம் இருக்கிற போல்ட்டை மையமாக வைத்து ஷூ மட்டும் சுழலும், க்ளீட் இருந்த இடத்திலேயே நிற்கும். எனக்கு இது ஓர் ஏற்றத்தில் நடந்தது. குதிகால் கிட்டத்தட்டப் பக்கவாட்டுக்கே போய்விட்டது, பெடல் விடவில்லை. நிற்காமல் மெல்ல மிதித்துக்கொண்டே இடது காலைக் கழற்றி, ஒரு சுவரோரமாகப் போய் அந்தப் பக்கம் காலூன்றி, ஷூவின் ஸ்ட்ராப்பைப் பிரித்து வலது காலை மட்டும் வெளியே எடுத்தேன். ஷூ பெடலிலேயே நின்றது. அப்புறம் பெடலின் ஸ்ப்ரிங்கைத் தளர்த்தி, தட்டையான ஸ்க்ரூடிரைவரால் பின்பக்கக் கொக்கியை நெம்பித்தான் எடுக்க முடிந்தது.

அதனால் 4 மிமீ ஆலன் கீ ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குங்கள். புதுக் க்ளீட் முதல் சில சவாரிகளில் ஷூவின் அடியில் அழுந்தி உட்காரும், அந்தச் சமயத்தில் போல்ட் தளரும், எனவே மறுபடி ஒருமுறை முறுக்க வேண்டும். இந்த இரண்டாவது முறுக்கைத்தான் கடையில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

போல்ட் சரியாக இருக்கிறது, கால் மட்டும் கடினமாக வருகிறது என்றால் பெடலில் உள்ள சிறிய திருகை இடஞ்சுழியாகத் திருப்பி ஸ்ப்ரிங்கைத் தளர்த்துங்கள். இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய பெடலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனித் திருகு, ஆக இரண்டு பெடலுக்கும் சேர்த்து நான்கு. ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்திவிட்டால் ஒரு தடவை லேசாக வரும், மறு தடவை வராது. அதுதான் ஆளை விழவைக்கும். சேறும் இதே வேலையைச் செய்யும், ஷூவின் ரப்பர் அடி தடிமனாக இருந்து பெடலை அழுத்தினாலும் அப்படித்தான்.

இத்தனைக்குப் பிறகும் பயமாக இருந்தால், ஷிமானோவின் எஸ்எச் 56 க்ளீட்டைப் போட்டுப் பாருங்கள். வழக்கமாகப் பெடலோடு வரும் எஸ்எச் 51 பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும், இது வேறு திசைகளிலும், குதிகாலைத் தூக்கி இழுத்தாலும் விட்டுவிடும். பலமாக மேலே இழுத்து மிதிப்பவருக்கு நடுவழியில் கழன்றுவிடலாம், ஆனால் நகரப் போக்குவரத்தில் ஓட்டுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தட்டைப் பெடல் ஒன்றும் தாழ்ந்ததில்லை, மனம் அதில்தான் நிம்மதியாக இருக்கிறது என்றால் தாராளமாக மாற்றுங்கள். கழற்றும்போது இடது பெடலுக்கு எதிர்மரை என்பது நினைவிருக்கட்டும். எந்தப் பக்கமானாலும் மேல்நோக்கி நிற்கும் ஸ்பேனரைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும்.