ஆச்சியின் கைப்பிடி அரிசிப் பானை

"ஆராதனையிலும் சொந்த வாழ்க்கையிலும் ஒரு கிறிஸ்தவர் பரிசுத்தத்தை எப்படிக் காத்துக்கொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சபையை நடத்தும் ஐயரும் (போதகர்) இல்லை, அவருக்கு உதவும் உபதேசியாரும் இல்லை. பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். அந்த ஊர் தேவாலயத்தின் 192 அடிக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே செம்மணல் தேரிக்காட்டில் ஓடி விளையாடியவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். அது கோயிலுக்கு. ஒருநாள் திடீரென்று விருந்தாள் வந்துவிட, அம்மா அதிலிருந்து ஒரு உழக்கு எடுத்து உலையில் போட்டுவிட்டாள். ஆச்சி சத்தம் போடவில்லை. மறுநாள் இரண்டு உழக்காகத் திருப்பிப் போட வைத்தாள். அதே மூட்டை, அதே அரிசிதான். ஆனாலும் பிரித்து வைத்தபிறகு அது நம்முடையது கிடையாது. பரிசுத்தம் என்பதற்கான எபிரேயச் சொல்லிலேயே 'பிரித்து வைப்பது' என்ற பொருள் இருக்கிறது என்று பிற்பாடு ஒரு பிரசங்கத்தில் கேட்டபோது, எனக்கு அந்தப் பானைதான் கண்ணில் வந்தது.

ஆராதனையும் அப்படித்தான். அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற நற்கருணை முடிந்ததும் ஐயர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? மீந்த திராட்சரசத்தைக் கீழே கொட்டுவதில்லை. தானே குடித்து, பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் கழுவி, அதையும் குடிப்பார். ஆயிரம் பிரசங்கம் சொல்லாததை அந்த ஒரு நிமிடம் சொல்லும். ஆனால் அந்த நேரத்தில்தான் நம்மில் பாதிப் பேர் அசனத்துக்கு (சபை விருந்துக்கு) ஆட்டுக்கறியா, கோழியா என்று பேசிக்கொண்டிருப்போம். கல்யாண வீடியோக்காரர் பீடத்துப் படியில் ஏறி நிற்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

முன்பெல்லாம் நற்கருணைக்கு முந்தின சாயங்காலம் ஆயத்த ஆராதனைக்குப் போவோம். எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு பனைமரத்துக்காகப் பேச்சில்லாமல் இருந்த காலத்தில், அப்பா நற்கருணைக்கு எழுந்து போகவே மாட்டார். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறதே, அந்தப் பயம். கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு அவரே போனார். மரம் பெரியப்பாவிடமே இருந்துவிட்டது.

சொந்த வாழ்க்கை என்றதும் எல்லாரும் குடி, சினிமா, கைபேசியில் பார்ப்பது என்றுதான் தொடங்குவார்கள். கண்ணைக் காக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ராத்திரி கைபேசியை நடுவீட்டில் வைத்துவிட்டுப் படுத்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஆனால் லேவியராகமம் 19-ஐ ஒருமுறை உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று தொடங்குகிற அந்த அதிகாரம், அறுப்பில் வயல் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை, கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே, தராசும் படியும் சரியாக இருக்கட்டும் என்றெல்லாம் பேசுகிறது. கடைக்காரனுக்கு இது எங்கே குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் குத்தியது. சில வருடங்களுக்கு முன், கடையில் மூட்டை தூக்குகிற பையன் சனிக்கிழமை ராத்திரி கூலி கேட்டான். கல்லாவில் பணம் இருந்தது. எண்ணச் சோம்பல்பட்டு, "திங்கக்கிழமை வாங்கிக்கோடே" என்றேன். "சரி அண்ணாச்சி" என்று போய்விட்டான். மறுநாள் நற்கருணைக்காக முழங்கால் போட்டு, அப்பத்துக்குக் கையை நீட்டினபோது அவன் முகம் வந்தது. கையை மடக்கவும் முடியவில்லை, வாங்கிவிட்டேன். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அடுத்த வீட்டில் அரிசி கடன் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள்.