இரட்டையர் மட்டும் ஆடி வாழ முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. டென்னிஸ்தான் அவளுக்கு எல்லாம். ஒற்றையர் தரவரிசையில் 600-க்கு மேலும், இரட்டையரில் 270-க்கு அருகிலும் இருக்கிறாள். இனி இரட்டையர் மட்டும் ஆடப்போவதாகச் சொல்கிறாள். ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம்தானே அது? அதை நம்பிப் பிழைக்க முடியுமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மானம் பற்றிய கேள்வி ஒன்றும் வருமானம் பற்றிய கேள்வி ஒன்றும் கலந்திருக்கின்றன. முதலாவதற்கு விடை சொல்வது எளிது. செக் நாட்டு வீராங்கனை பார்போரா கிரெய்சிகோவா 2018-இல் இரட்டையரில் உலகின் முதலிடத்தைப் பிடித்தபோது, ஒற்றையரில் முதல் நூறு பேருக்குள்கூட வந்திருக்கவில்லை. 2021 பிரெஞ்சு ஓப்பனில் ஒற்றையர், இரட்டையர் இரண்டு பட்டங்களையும் அவரே வென்றார். ஒதுங்கியவர் செய்யும் காரியமா அது?

சானியா மிர்சாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒற்றையரில் 27-ஆம் இடம் வரை உயர்ந்த அவர், காயங்கள் துரத்தியதால் 2013-இல் அதைக் கைவிட்டார். பிறகு சுவிட்சர்லாந்து வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்து 2015-இல் விம்பிள்டன், யு.எஸ். ஓப்பன், 2016-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் என மூன்று பெரும் பட்டங்களை வென்றார். இடையில் இந்த இணை தொடர்ந்து 41 ஆட்டங்களில் தோற்கவே இல்லை. ஆனால் உங்கள் மகள் இந்த எடுத்துக்காட்டைக் காட்டினால் ஒன்றை நினைவூட்டுங்கள்: சானியா அந்த முடிவுக்கு வந்தது சுமார் பத்து ஆண்டுகள் ஒற்றையர் ஆடிய பிறகுதான். எதிராளியைத் திணறடித்த அவருடைய ஃபோர்ஹேண்ட் அங்கே கூர் தீட்டப்பட்டது.

வருமானம்தான் சிக்கல். 2024 விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 27 லட்சம் பவுண்டு. இரட்டையரில் வென்ற இணைக்கு 6,50,000 பவுண்டு, அதையும் இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உச்சியிலேயே இப்படியென்றால், மொத்தப் பரிசே 15,000 டாலராக உள்ள சிறு போட்டிகளில் இரட்டையர் வெற்றியாளருக்குக் கிடைப்பது பயணச் செலவுக்கே காணாது.

பணத்தைவிட முக்கியமானது, போட்டிக்குள் நுழையும் முறை. தரவரிசை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உண்டு; ஆனால் ஒரு போட்டியில் இடம் கிடைக்குமா என்பதை இருவருடைய எண்களின் கூட்டுத்தொகையே முடிவு செய்கிறது. தோழியின் கால் பிசகினால், அல்லது அவள் வேறொருத்தியுடன் சேர்ந்துவிட்டால், உங்கள் மகளின் கணக்கும் சரிந்துவிடும். இன்னொன்று: நுழைவுக்கு ஒற்றையர் தரவரிசையையும் பயன்படுத்தலாம். அதனால் ஒற்றையரில் 40-ஆம் இடத்தில் இருப்பவர், இரட்டையர் பக்கம் அவ்வளவாக வராதவரானாலும், அந்த எண்ணைக் காட்டி உள்ளே வந்துவிடுவார். ஆண்டு முழுவதும் இரட்டையரே ஆடியவர் வெளியே நிற்பார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான். ஆகவே, இரட்டையரில் முதல் நூறை நெருங்கும் வரை ஒற்றையரை முற்றிலும் விட வேண்டாம் என்பதே என் கருத்து, குறைத்துக்கொள்ளட்டும்.

பயிற்சியிலும் அவள் கவனிக்க வேண்டியது உண்டு. வழக்கமான டபிள்யூ.டி.ஏ. (மகளிர் டென்னிஸ் சங்கம்) போட்டிகளில் இரட்டையர் ஆட்டம் சுருக்கப்பட்டிருக்கிறது: 40-40 ஆனால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும், அதைச் சந்திக்கப்போவது யார் என்பதை ரிட்டர்ன் செய்யும் இணையே தேர்ந்தெடுக்கும், மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளிகளை இலக்காக வைத்து ஆடும் டை-பிரேக். இவ்வளவு குறுகிய ஆட்டத்தில் தளர்ந்த இரண்டாவது சர்வீஸை ஒளித்துவைக்க இடமே இல்லை. சர்வீஸ் போடுபவருக்கு முன்னால், நெட்டருகே குனிந்து நிற்கும் தோழி முதுகுக்குப் பின்னால் விரலை நீட்டிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தான் குறுக்கே பாயப்போகிறாளா, நின்ற இடத்திலேயே நிற்கப்போகிறாளா என்ற தகவல் அது. சர்வீஸ் சொன்ன இடத்தில் விழாவிட்டால், பாய்ந்தவள் விட்டுச்சென்ற பக்கம் திறந்துகிடக்கும்.

உங்கள் கடிதத்தில் அவள் யாருடன் ஆடுகிறாள் என்ற தகவலே இல்லை. முதலில் அதைக் கேளுங்கள். ஒரே இணையா, வாரத்துக்கு ஒருத்தியா? முடிந்தால் ஒரு ஆட்டத்துக்கு நேரில் போய், பந்தைப் பார்க்காமல் இருவரையும் பாருங்கள். எளிதான வாலியை (பந்து தரையில் படுமுன் அடிக்கும் அடி) ஒருத்தி வலையில் அடித்துவிட்டால், மற்றவள் நடந்து வந்து அவள் உள்ளங்கையைத் தட்டுகிறாளா, அல்லது தன் ராக்கெட்டின் நரம்புகளைச் சரிசெய்தபடி திரும்பிக்கொள்கிறாளா என்று கவனித்துவிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.